புதிய .22 ரிவால்வரில் குறை இருந்தால்: கடை கவுன்டரிலிருந்து புகார் வரை

லைசென்ஸ் கிடைக்க மாதக்கணக்கில் காத்திருந்தவர்களுக்குக் கடையில் நிற்கும்போது பொறுமை இருப்பதில்லை. பெட்டியைத் திறந்து, கையில் பிடித்துப் பார்த்து, பணத்தைக் கட்டிவிட்டு வந்துவிடுகிறார்கள். இரண்டாவது முறை ரேஞ்சுக்கு (சுடும் பயிற்சித் திடலுக்கு) வரும்போது, "அண்ணா, மூணுக்கு ஒண்ணு வெடிக்க மாட்டேங்குது" என்று வந்து நிற்கிறார்கள்.

செல்போனை மாற்றித் தருவதுபோல் துப்பாக்கியைக் கடைக்காரர் மாற்றித் தர முடியாது. உங்கள் லைசென்ஸில் அந்த ஆயுதத்தின் எண் ஏறிவிட்டால், பதிலுக்கு வேறொன்று தருவதற்கு லைசென்ஸ் வழங்கிய அலுவலகம் வரை போக வேண்டும். அதனால் இந்த வழிகாட்டியில் வரிசைதான் முக்கியம். எண் ஏறும் முன் ஒரு சோதனை, சுட்டுப் பார்த்து ஒரு சோதனை, அதன் பிறகு புகார். இடையில் ரிவால்வரின் மேல் அரம் படவே கூடாது.

1. கடைக்குப் போகும் முன் எடுத்துக்கொள்ள வேண்டியவை

ஒரு ஃபீலர் கேஜ். பைக் மெக்கானிக்குகள் டாப்பெட் இடைவெளி பார்க்க வைத்திருப்பதுதான். ஆட்டோ ஸ்பேர்ஸ் கடையில் கிடைக்கும். மி.மீ. அளவு பொறித்ததாகப் பார்த்து வாங்குங்கள்.

ஒரு லூப், அதாவது நகைப் பட்டறைக்காரர்களின் சிறிய பூதக்கண்ணாடி. சேலம் செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் கொலுசுப் பட்டறையில் யாரையாவது தெரிந்தால் ஒரு நாளைக்கு இரவல் கேட்கலாம். பத்து மடங்கு பெரிதாகக் காட்டினால் போதும்.

காது குடையும் பஞ்சுக் குச்சி ஒரு பாக்கெட், வெள்ளைக் காகிதம், சிறிய டார்ச். இவற்றோடு வெடிமருந்து இல்லாத டம்மி தோட்டாக்கள். டம்மி கிடைக்காவிட்டால், சுட்டு முடித்த .22 காலி கேஸ்களை (தோட்டாவின் கூடுகளை) தரச் சொல்லி கடையிலேயே முன்கூட்டிக் கேட்டு வையுங்கள்.

டம்மி எதற்கு? .22 தோட்டாவில் வெடிமருந்தைப் பற்றவைக்கும் கலவை அடிப்பக்க விளிம்புக்குள் இருக்கிறது. ஃபயரிங் பின் என்ற அடிக்கும் ஊசி அந்த விளிம்பைத்தான் நசுக்குகிறது. உள்ளே எதுவும் இல்லாமல் ட்ரிகரை இழுத்தால், பல மாடல்களில் பின் நேராக சிலிண்டர் அறையின் (தோட்டா அமரும் துளையின்) ஓரத்தில் போய் அடிக்கும். சில தடவை அப்படி அடித்தாலே ஓரம் பிதுங்கி, பிறகு தோட்டா உள்ளே இறங்காது. கையேட்டில் வெறுமனே சுடலாம் என்று எழுதியிருந்தாலொழிய, காலியாக ட்ரிகர் இழுக்காதீர்கள். கடைக்காரரையும் இழுத்துக் காட்ட விடாதீர்கள்.

2. கவுன்டரில்: எண் எழுதும் முன்

கடைக்காரரிடம் பணிவாகச் சொல்லிவிடுங்கள்: "பார்த்து முடிச்சிடறேங்க, அப்புறம் பில் போடலாம்." நல்ல கடைக்காரர் மறுக்க மாட்டார். அவசரப்படுத்தினால் இன்னொரு நாள் வருவதாகச் சொல்லிக் கிளம்பிவிடுவதே மேல்.

முதலில் சிலிண்டரைத் திறந்து எல்லா அறைகளும் காலியாக இருக்கின்றனவா என்று பாருங்கள். கடைக்காரர் ஏற்கெனவே பார்த்திருந்தாலும் உங்கள் கண்ணால் ஒரு முறை. சோதனை முடியும்வரை பேரலின் வாய் யாரும் இல்லாத சுவர்ப் பக்கமே இருக்கட்டும்.

பேரல். சிலிண்டரைத் திறந்த நிலையில் பேரலின் பின்வாயருகே வெள்ளைக் காகிதத்தைப் பிடித்து, அதன் மேல் டார்ச் அடித்து, முன்பக்கமிருந்து பாருங்கள். உள்வரிகள் முழு நீளத்துக்கும் ஒரே சீராகத் தெரிய வேண்டும். பேரலின் முன்வாய் விளிம்பை லூப்பில் பாருங்கள். அங்கே சின்ன வடு இருந்தாலும் குண்டு வெளியேறும் கடைசி நொடியில் வாயு ஒரு பக்கமாகத் தள்ளிவிடும். எவ்வளவு நன்றாகக் குறி பார்த்தாலும் பயனில்லை.

அறைகள். பஞ்சுக் குச்சியை ஒவ்வோர் அறைக்குள்ளும் விட்டு, விளிம்போடு உரசியபடி ஒரு சுற்றுச் சுற்றி எடுங்கள். பஞ்சு நூல் எங்கே சிக்கி நிற்கிறதோ அங்கே பிசிறு இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத பிசிறையும் பஞ்சு காட்டிக்கொடுக்கும். பின்பக்க ஓரத்திலுள்ள பிசிறு தோட்டாவை முழுதாக இறங்க விடாது, உள்ளே இருப்பது காலி கேஸைப் பிடித்துக்கொள்ளும்.

பூட்டு. இதைத்தான் புதியவர்கள் யாரும் பார்ப்பதில்லை. எல்லா அறைகளிலும் டம்மி போட்டு மூடுங்கள். இடது கை விரலால் சிலிண்டரை லேசாகத் தடுத்துக்கொண்டு, கட்டைவிரலால் ஹேமரை (பின்பக்கம் இருக்கும் அடிக்கும் சுத்தியை) மெதுவாகப் பின்னால் இழுங்கள். ஹேமர் முழுதாக நிற்பதற்கு முன்போ அல்லது அதே நேரத்திலோ சிலிண்டர் 'டக்' என்று பூட்டிக்கொள்ள வேண்டும். ஹேமர் நின்ற பிறகும் சிலிண்டரை விரலால் கொஞ்சம் திருப்பினால்தான் பூட்டுகிறது என்றால் அந்த அறை பேரலுக்கு நேராக வரவில்லை. ஓர் அறையில் சரியாக இருந்து அடுத்ததில் தவறலாம், ஆகவே எல்லா அறைகளிலும் பாருங்கள். ஹேமரை இறக்கும்போது கட்டைவிரலை எடுக்காமல் மெதுவாக இறக்குங்கள்.

ஹேமர் தானாக விழுகிறதா. டம்மியோடு ஹேமரைப் பின்னுக்கு இழுத்து நிறுத்தி, ட்ரிகரைத் தொடாமல், கட்டைவிரலால் ஹேமரை முன்பக்கம் அழுத்துங்கள். விழுந்துவிட்டால் மேற்கொண்டு எதையும் பார்க்க வேண்டாம். அதே மாடலில் வேறொன்றைக் கேளுங்கள்.

இடைவெளி. டம்மிகளை எடுத்துவிட்டு சிலிண்டரை மூடுங்கள். சிலிண்டரின் முன்முகத்துக்கும் பேரலின் பின்வாய்க்கும் நடுவே ஃபீலர் கேஜை நுழைத்துப் பாருங்கள். பொதுவாக ரிவால்வர்களில் இது 0.10 முதல் 0.20 மி.மீ. வரை இருக்கும். கையேட்டில் அளவு கொடுத்திருந்தால் அதுதான் கணக்கு. 0.05 என்றால் நாலு ரவுண்டு சுட்டதும் கரி அடைத்து சிலிண்டர் சுற்றாது. 0.25-ஐத் தாண்டினால் ஈயமும் வாயுவும் பக்கவாட்டில் பீச்சும். சிலிண்டரைப் பின்னால் அழுத்தி ஒரு அளவு, முன்னால் அழுத்தி ஒரு அளவு எடுங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் சிலிண்டரின் முன்பின் ஆட்டம். புதிய ரிவால்வரில் அது 0.1 மி.மீ. அளவுக்கு இருந்தால் நான் வாங்க மாட்டேன்.

முன் குறி நேராக நிற்கிறதா, ஸ்க்ரூக்கள் இறுக்கமா, ப்ரூஃப் முத்திரை (சோதனைச் சுடுதலில் தேறியதற்கான அடையாளம்) தெளிவாக இருக்கிறதா என்பதெல்லாம் ஒரு நிமிட வேலை. கடைசியாக, ரிவால்வரில் பொறித்த எண், பில், லைசென்ஸில் எழுதப்போகும் எண் மூன்றையும் ஒவ்வோர் எழுத்தாக ஒப்பிடுங்கள். இதில் ஓர் எழுத்துப் பிசகினால் பிறகு அலைய வேண்டியவர் நீங்கள்தான்.

3. சுடுவதற்கு முன் துடைப்பது

தொழிற்சாலையிலிருந்து வரும் ஆயுதத்தில் துரு பிடிக்காமலிருக்கத் தடித்த எண்ணெயோ கிரீஸோ பூசியிருப்பார்கள். அதோடு சுட்டால் ஹேமரின் வேகம் குறையும், அடி பலவீனமாக விழும், தோட்டா வெடிக்காது. மார்கழியில் ஏற்காட்டில் காலை ஆறு மணிக்குத் தேங்காய் எண்ணெய் எப்படி உறைந்திருக்கிறதோ, அந்த கிரீஸும் அப்படித்தான். மலையில் எஸ்டேட் வைத்திருப்பவர்கள் "சேலத்துல நல்லா வெடிச்சது, இங்க வெடிக்கலை" என்று சொல்வதற்கு இது ஒரு காரணம்.

கையேடு அனுமதிக்கும் அளவுக்கு மட்டும் திறந்து, பேரல், அறைகள், ஃபயரிங் பின் வரும் துளை மூன்றையும் துடையுங்கள். பக்கத் தகட்டைக் கழற்றாதீர்கள். துடைத்த பிறகு மெல்லிய எண்ணெய் ஒரு சொட்டு போதும். அறைகளுக்குள் எண்ணெய் வேண்டாம்.

4. ரேஞ்சில் முதல் சோதனை

சோதனைச் சுடுதலை அனுமதி பெற்ற ரேஞ்சில் மட்டும் செய்யுங்கள். காப்பித் தோட்டம் உங்கள் சொந்த நிலமாக இருந்தாலும் அது ரேஞ்சு ஆகாது. காட்டெருமை வந்தது, பன்றி வந்தது என்ற பேச்சுக்கும் இந்த ரிவால்வருக்கும் சம்பந்தமே இல்லை.

ஏற்காட்டிலிருந்து இறங்குபவர்கள் சொந்த வண்டியில் வருவது நல்லது. ரிவால்வர் காலியாகப் பூட்டிய பெட்டியில், தோட்டா தனியாக, லைசென்ஸ் கையில். இருபது கொண்டை ஊசி வளைவிலும் பெட்டி உருளாதபடி வையுங்கள்.

இரண்டு வெவ்வேறு வகைத் தோட்டா வேண்டும். ஒரே வகையை மட்டும் சுட்டுவிட்டு ரிவால்வரைக் குறை சொன்னால், கடைக்காரர் தோட்டாவைக் கை காட்டுவார். அவர் சொல்வதிலும் நியாயம் உண்டு. லைசென்ஸில் ஆண்டுக்கு இத்தனை தோட்டாதான் என்று எழுதியிருப்பதால், இந்தச் சோதனைக்கு எத்தனை செலவாகும் என்று முன்பே கணக்குப் போட்டு வாங்குங்கள். லாங் ரைஃபிள் ரகத்துக்கான ரிவால்வரில் அந்த ரகம் மட்டும். மேக்னம் என்பது வேறு தோட்டா. ஒன்றின் இடத்தில் இன்னொன்றைப் போட முயலக் கூடாது.

இனி இந்த வழிகாட்டியிலேயே உங்களுக்கு அதிகம் உதவப்போகும் வேலை. மார்க்கர் பேனாவால் சிலிண்டரின் வெளிப்பக்கம் ஒவ்வோர் அறைக்கும் 1, 2, 3 என்று எண் போடுங்கள். பிறகு ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தால் போய்விடும். ஒரு நோட்டில் அறை எண், தோட்டா வகை, வெடித்ததா, கேஸ் சுலபமாக வந்ததா, குண்டு எங்கே பட்டது என்று ஐந்து கட்டம் வரையுங்கள். எண் போடாமல் சுட்டால் "அப்பப்போ மக்கர் பண்ணுது" என்று மட்டும்தான் சொல்ல முடியும். எண் போட்டால் "நான்காம் அறையில் மட்டும்" என்று சொல்லலாம். பழுது பார்ப்பவருக்கு இரண்டாவது வாக்கியம் போதும், பாதி வேலை முடிந்தது.

முதலில் ஒரே ஒரு தோட்டா போட்டுச் சுடுங்கள். அது சரியாக இருந்தால் இரண்டு, பிறகு முழுச் சிலிண்டர். கண்ணாடியும் காதுக் காப்பும் கட்டாயம். எந்த விரலும் சிலிண்டர் இடைவெளிக்குப் பக்கத்தில் போகக் கூடாது.

5. தோட்டா வெடிக்காவிட்டால்

புதிய .22 ரிவால்வரைப் பற்றி வரும் குறைகளில் அதிகம் கேட்பது இதுதான். அவசரமாகத் திறந்து எடுப்பதுதான் முதல் தவறு. பேரலை இலக்கை நோக்கியே வைத்து முப்பது நொடியாவது காத்திருங்கள். தாமதமாக வெடிக்கும் தோட்டாவும் உண்டு. ரேஞ்சு விதி அதைவிட அதிகம் சொன்னால் அதன்படி செய்யுங்கள்.

பிறகு எடுத்து, விளிம்பில் விழுந்த தடத்தை லூப்பில் பாருங்கள். பக்கத்தில் வெடித்த ஒரு கேஸை வைத்து ஒப்பிடுங்கள். தடம் ஆழமாக, நல்ல இடத்தில் இருந்தும் வெடிக்கவில்லை என்றால் பெரும்பாலும் தோட்டாதான் காரணம். விளிம்புக்குள் அந்தக் கலவை சுற்றிலும் சமமாகப் பரவாத தோட்டாக்கள் வரத்தான் செய்யும்.

தடம் மேலோட்டமாக இருந்தால், அதே தோட்டாவை அதே அறையில் பாதிச் சுற்றுத் திருப்பிப் போட்டு, விளிம்பின் புதிய இடத்தில் அடி விழும்படி ஒரே ஒரு முறை சுட்டுப் பாருங்கள். இரண்டாம் அடியில் வெடித்தால் இரண்டு சாத்தியம். ஒன்று, முதல் அடி தோட்டாவை அறைக்குள் தள்ளுவதிலேயே வீணாகிவிட்டது. அதாவது தோட்டா முழுதாக இறங்கியிருக்கவில்லை. இன்னொன்று, அந்த இடத்தில் கலவை இல்லை. முதலாவதா என்று தெரிய, அடுத்த முறை நிரப்பும்போது எல்லா விளிம்புகளும் சிலிண்டரின் பின்முகத்தோடு ஒரே மட்டத்தில் இருக்கின்றனவா என்று பக்கவாட்டில் பாருங்கள். ஏதாவது ஒன்று மயிரிழை துருத்திக்கொண்டு நின்றால் காரணம் கிடைத்துவிட்டது.

இப்போது நோட்டைப் பாருங்கள். இரண்டு வகைத் தோட்டாவிலும் ஒரே அறையில்தான் தவறுகிறது என்றால் அந்த அறையில் குறை. எல்லா அறையிலும் இரண்டு வகையிலும் தவறி, தடமும் மேலோட்டமாக இருந்தால் ஃபயரிங் பின்னோ ஹேமர் ஸ்ப்ரிங்கோ. ஒரு வகையில் மட்டும் தவறினால் ரிவால்வரைத் திட்டாமல் தோட்டாவை மாற்றுங்கள். ஹேமரை முன்பே இழுத்து வைத்துச் சுட்டால் வெடிக்கிறது, ட்ரிகரை மட்டும் முழுதாக இழுத்துச் சுட்டால் தவறுகிறது என்றால் அதையும் எழுதுங்கள். பல ரிவால்வர்களில் ட்ரிகர் மட்டும் இழுக்கும்போது ஹேமர் கொஞ்சம் குறைந்த தூரமே பின்வாங்கும். அடியின் பலம் இழுபறியாக இருக்கும் ஸ்ப்ரிங் அங்கேதான் மாட்டிக்கொள்ளும்.

6. காலி கேஸ் வெளியே வராவிட்டால்

முதல் சில சிலிண்டர்களுக்குக் கொஞ்சம் இறுக்கம் இருக்கும். அறைகளைப் பிரஷ் விட்டுத் துடைத்த பின்னும் அதே அறையில் சிக்கினால், அந்த அறையிலிருந்து வந்த கேஸ்களை வரிசையாக வைத்து லூப்பில் பாருங்கள். எல்லாவற்றிலும் ஒரே இடத்தில் ஒரே கீறல் இருந்தால் உள்ளே கருவி விட்ட வடு இருக்கிறது. இந்தக் கேஸ்கள்தான் உங்கள் சாட்சி; அறை எண் எழுதிய சின்ன ஜிப் கவரில் தனித்தனியாகப் போடுங்கள்.

வராத கேஸை வரவைக்க எஜெக்டர் கம்பியை (கேஸ்களை வெளியே தள்ளும் கம்பியை) சுத்தியால் தட்டுபவர்கள் இருக்கிறார்கள். கம்பி வளைந்தால் அது உங்கள் கணக்கில் சேர்ந்துவிடும்.

7. உடனே நிறுத்த வேண்டியவை

சத்தம் வழக்கத்தைவிட மந்தமாக வந்தால் அடுத்த ரவுண்டு சுடவே கூடாது. குண்டு பேரலுக்குள் நின்றிருக்கலாம். காத்திருந்து, சிலிண்டரைத் திறந்து காலி செய்து, பேரலில் வெளிச்சம் தெரிகிறதா என்று பாருங்கள்.

இலக்கு அட்டையில் துளை வட்டமாக இல்லாமல் நீள்வட்டமாக இருந்தால் குண்டு புரண்டு போகிறது. ஹேமர் தானாக விழுந்தாலும், சிலிண்டர் பூட்டாமல் சுற்றினாலும், கேஸ் கிழிந்து வந்தாலும் அன்றைய சோதனை முடிந்தது.

ஈயத் துகள் முகத்திலோ பக்கத்தில் நிற்பவர் கையிலோ பட்டால் அதுவும் அப்படித்தான். பக்கத்தில் நின்றவர் எந்தப் பக்கம் நின்றார் என்று எழுதிக்கொள்ளுங்கள். எப்போதும் ஒரே பக்கம், ஒரே அறையிலிருந்து பீச்சுகிறது என்றால் கவுன்டரில் பார்த்த பூட்டுச் சோதனையை மறுபடி செய்யுங்கள். பெரும்பாலும் அந்த அறை நேராக நிற்காது.

8. குறை என்று நினைத்து அலைய வேண்டாதவை

ட்ரிகர் கனமாக இருக்கிறது என்பது குறை இல்லை. விளிம்பை நசுக்க வலுவான அடி தேவை என்பதால் .22 ரிவால்வரில் ஸ்ப்ரிங் கடினமாகத்தான் இருக்கும். அதை வெட்டி இலகுவாக்கியவர்கள் வெடிக்காத தோட்டாவோடு திரும்பி வருவார்கள்.

எல்லாக் குண்டும் நெருக்கமாக, ஆனால் குறியிலிருந்து தள்ளிப் படுவதும் உடனே புகாருக்கு உரியதல்ல. கையைத் தாங்கி வைத்து, வேறொருவரைச் சுடச் சொல்லி, வேறு தோட்டாவிலும் பாருங்கள். ஒரே அறையின் குண்டு மட்டும் தனியாகப் போகிறது என்றால் அது வேறு கதை.

மலையில் மழைக்காலத்தில் வரும் துருப் புள்ளிகள் பெரும்பாலும் தோல் உறையின் வேலை. தோல் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். உறையில் போட்டு அலமாரியில் வைக்காதீர்கள்.

9. லேத் பட்டறை வேண்டாம்

சேலத்தில் யாரைக் கேட்டாலும் லேத் வைத்திருக்கும் மச்சான் ஒருவர் இருப்பார். "கொடுங்க மாப்ள, பிசிறுதானே, ரெண்டு நிமிஷத்துல உரசிக் குடுத்துடறேன்" என்பார். கை வேலை தெரிந்தவர்தான், சந்தேகமில்லை. ஆனால் 1959 ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் பிரிவு 5 படி துப்பாக்கியைப் பழுது பார்க்கவே தனி உரிமம் வேண்டும். உங்கள் லைசென்ஸ் வைத்திருப்பதற்கானது. அவருக்கு அதுவும் இல்லை. கொடுத்த நிமிடத்தில் இரண்டு பேருமே சிக்கலில்.

இன்னொரு காரணமும் உண்டு. நுகர்வோர் ஆணையத்துக்குப் போக நேர்ந்தால், பொருளைச் சோதித்தால்தான் குறை தெரியும் என்கிற வழக்குகளில் அதை முத்திரையிட்டு ஆய்வகத்துக்கு அனுப்ப 2019 ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் பிரிவு 38 வழி செய்கிறது. அரம் பட்ட தடம் அங்கே தெரிந்தால் வழக்கு அத்தோடு முடிந்தது.

10. புகார் எழுதுவது

போனில் பேசுவது பேச்சாகவே போய்விடும். எழுத்தில் கொடுங்கள், பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து வாங்குங்கள், இல்லையென்றால் ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்புங்கள். தயாரிப்பாளருக்கும் ஒரு பிரதி போகட்டும். அரசுத் தொழிற்சாலைத் தயாரிப்பு என்றால் கையேட்டில் உள்ள முகவரியைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். 2021 அக்டோபர் 1 முதல் அந்தத் தொழிற்சாலைகள் ஏழு தனி நிறுவனங்களாகப் பிரிக்கப்பட்டுவிட்டன.

கடிதம் நீளமாக வேண்டாம். இப்படி இருந்தால் போதும்:

"தங்கள் கடையில் ___ தேதியில் பில் எண் ___ மூலம் வாங்கிய .22 ரிவால்வர், எண் ___. ரேஞ்சில் இரண்டு வகைத் தோட்டாக்களால் சோதித்தபோது 4 ஆம் அறையில் மட்டும் தோட்டா தொடர்ந்து வெடிக்கவில்லை. மற்ற அறைகளில் இக்குறை இல்லை. சோதனைக் குறிப்பின் நகலும் படங்களும் இணைக்கப்பட்டுள்ளன. ஆயுதம் கழற்றப்படவோ மாற்றப்படவோ இல்லை. ___ நாட்களுக்குள் உரிமம் பெற்ற ஆர்மரர் மூலம் பழுது நீக்கித் தர வேண்டும். இயலாவிட்டால் மாற்றித் தரவோ பணத்தைத் திருப்பித் தரவோ கோருகிறேன்."

கோபம், "ஏமாற்றிவிட்டீர்கள்", "தரமே இல்லை" போன்ற சொற்கள் எதுவும் வேண்டாம். அறை எண்தான் பேச வேண்டும். படங்களை வாட்ஸ்அப் குழுக்களில் போடாதீர்கள். ஆயுதத்தின் எண்ணும் உங்கள் வீட்டில் ஆயுதம் இருக்கும் செய்தியும் ஊர் சுற்றும்.

ரிவால்வரை ஒப்படைக்கும்போது எண் குறிப்பிட்ட ரசீது இல்லாமல் கையை விட்டு விடாதீர்கள். போலீஸ் ஆய்வில் "ஆயுதம் எங்கே" என்று கேட்டால் காட்ட அது ஒன்றுதான் இருக்கும். தேர்தல் தேதி அறிவித்துவிட்டால் ஆயுதங்களை ஒப்படைக்கச் சொல்வார்கள், எல்லாம் அப்படியே நின்றுவிடும். அது தெரிந்து நாளைத் தேர்ந்தெடுங்கள்.

பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மசியவில்லை என்றால் சேலம் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் மனு செய்ய வேண்டும். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணம் இல்லை.

11. சரிசெய்து வந்த பிறகு

வாங்கும் முன் கவுன்டரில் செய்த அத்தனை சோதனையையும் அதே கவுன்டரில் திரும்பச் செய்யுங்கள். ஓர் அறையைச் சரிசெய்யச் சிலிண்டரையே மாற்றியிருக்கலாம். அப்படியானால் பூட்டும் இடைவெளியும் மாறியிருக்கும். என்ன செய்தார்கள் என்று எழுத்தில் கேளுங்கள். புதிய சிலிண்டர் என்றால் அதிலும் ப்ரூஃப் முத்திரை இருக்கிறதா பாருங்கள்.

வேறு ரிவால்வர் கொடுத்தால், உங்கள் லைசென்ஸை வழங்கிய அலுவலகத்தில் பழைய எண்ணை நீக்கிப் புதிய எண்ணை ஏற்றும் வேலை முடியும்வரை அதை வீட்டுக்கு எடுத்து வராதீர்கள். கடையிலேயே இருக்கட்டும். எண் மாறிய பிறகு, மார்க்கர் பேனாவும் அதே நோட்டுமாக மறுபடி ரேஞ்சுக்கு வாருங்கள். புதிய பக்கத்தில், ஒரே ஒரு தோட்டாவோடு தொடங்குங்கள்.